இரண்டு தடவை வந்த அரை மணித்தியாலமும் சேர்வர் லொக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி நமது அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' ரன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரச காரியாலயங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையைச் சீக்கிரமே மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். மூன்று மாதத்துக்கு மேல். காரணம், சேர்வரோடு தொடுத்தே இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 2021இல், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தரவுகள் அழிந்து விசாரணை நீதிமன்றம் வரைக்கும் போனது.

இந்தச் செய்திகள் வந்த காலத்தில் நம்மில் பலபேர் "பெக்கப் எடுக்க வேண்டும்" என்று எழுதினோம். நல்லது. ஆனால் எடுத்தோம் என்பதை எப்படி அறிவது? அண்மையில் ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "சேர், எங்கட ஒபிசில ஆறு கொம்பியூட்டரும் ராவைக்கு ஒரே சேர்வருக்குத்தான் பெக்கப் ஆகுது. லொக்கத் திறந்து பார்த்தா எல்லாம் கலந்து கிடக்கு. எது எவன்ட வரி எண்டே விளங்குதில்ல." இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் சரித்திரத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பது வகுப்பறையில் நான் கண்டது.

'லொக்' என்றால் மரக்கட்டை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறிய ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள். மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியாகப் போனதென்று எண்ணுவார்கள். நமது ஆழ்கடல் மீனவர்கள் இன்றைக்கும் வேகத்தை 'நொட்' என்று சொல்கிறார்களே, அது இந்த முடிச்சுத்தான். எண்ணியதை எழுதிய புத்தகம் லொக் புத்தகம். கப்பல் மூழ்கினால் அல்லது திசை தவறினால் விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கவனியுங்கள், ஒரு கப்பலுக்கு ஒரு புத்தகம். எழுதுகிற கையும் ஒரு நேரத்தில் ஒன்று. குழப்பத்துக்கு இடமில்லை. கணினியில்தான் குழப்பம் வந்தது. ஒரு யுனிக்ஸ் கணினியில் ஒரே நேரத்தில் பத்து இருபது வேலைகள் ஓடும். எல்லாமே ஒரே பைலில் எழுதப் போனால், ஒன்று எழுதும் வரியின் நடுவே இன்னொன்று புகுந்து பாதி வரி அங்கும் பாதி வரி இங்கும் ஆகிவிடும் ஆபத்து இருந்தது. கடையில் மூன்று பேர் ஒரே கணக்குக் கொப்பியில் ஒரே நேரத்தில் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் ஓல்மன், தான் எழுதிய 'சென்ட்மெயில்' என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக 'சிஸ்லொக்' என்பதைச் செய்தார். யாரும் நேரே புத்தகத்தில் எழுதக் கூடாது. சொல்ல வேண்டியதை ஒரு கணக்கப்பிள்ளையிடம் சொல், அவர் எழுதுவார். இதுதான் யோசனை. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம், கணினியின் பெயர், பேசிய மென்பொருளின் பெயர் ஆகியவற்றைப் போடுவார். பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் இலக்கமும் வருவது வழமை ஆயிற்று. யுனிக்ஸ் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்கும் இலக்கம் அது. தம்பி கேட்ட கேள்விக்குப் பாதி விடை இந்தச் சின்ன இலக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெக்கப்பின் கதை வேறு பாதையில் வந்தது. ஆரம்பத்தில் கணினி ஒவ்வொன்றாக டேப்பில் எழுதுவார்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஒரு காரியாலயத்தில் கணினி மூன்று நான்கு என்று இருந்தவரை இது சரி. நூறு கணினி வந்தபோது விடிய விடிய ஓட்டினாலும் முடியவில்லை. அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் 1991 அளவில் ஜேம்ஸ் டா சில்வாவும் அவரது கூட்டாளிகளும் 'அமாண்டா' என்ற மென்பொருளை எழுதினார்கள். (டா சில்வா என்றதும் நம்ம நாட்டு ஆள் என்று நினைக்க வேண்டாம்!) அது ஒரே நேரத்தில் பல கணினிகளிலிருந்து தரவை இழுத்து முதலில் ஒரு டிஸ்கில் இறக்கி வைக்கும். பிறகு அங்கிருந்து ஒவ்வொன்றாக டேப்பில் ஏற்றும். துறைமுகத்தில் பல வள்ளங்களின் மீனையும் முதலில் வாடியில் கொட்டிவிட்டு, பிறகு ஒரு லொறியில் ஏற்றுவது போல. நேரம் மிச்சமாயிற்று. ஆனால் அன்றோடு லொக்கில் வரிகள் கலக்கத் தொடங்கின.

கலந்த லொக் எப்படி இருக்கும்? ஒரு பாடசாலையை வைத்துக்கொள்வோம். அலுவலகம், நூலகம், ஆய்வுகூடம், மைதானப் பக்கம் இருக்கும் விளையாட்டு அறை என்று நான்கு இடத்தில் நான்கு கணினி. நள்ளிரவு தாண்டி எல்லாம் ஒரு சேர்வருக்கு பெக்கப் ஆகின்றன.

00:05:11 அலுவலகம் [412] தொடக்கம்
00:05:14 நூலகம் [415] தொடக்கம்
00:05:52 [415] பிழை: பைல் திறக்கவில்லை, நிறுத்தப்பட்டது
00:06:03 ஆய்வுகூடம் [419] தொடக்கம்
00:09:40 [419] நிறைவு
00:12:27 [412] நிறைவு

காலையில் வருகிறவர் கடைசி வரியைப் பார்க்கிறார். 'நிறைவு' என்று இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூடிவிட்டுப் போகிறார். பெரும்பாலான காரியாலயங்களில் நடப்பது இதுதான் என்று தைரியமாகச் சொல்வேன்.

இப்போது அடைப்புக்குள் இருக்கும் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். 412க்கு ஒரு தொடக்கம், ஒரு நிறைவு. 419க்கும் அப்படியே. 415க்குத் தொடக்கம் இருக்கிறது, நிறைவு இல்லை. நடுவில் ஒரு பிழை. ஆக நூலகத்தின் பெக்கப் இல்லை. அந்த இலக்கத்தை மறைத்துவிட்டு மூன்றாவது வரியை மட்டும் பாருங்கள். பிழை அலுவலகத்துடையதா நூலகத்துடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வரி நூலகம் என்பதால் பிழையும் நூலகத்துடையது என்று நினைப்பது ஊகம் மட்டுமே. கலந்த லொக்கில் பக்கத்தில் இருப்பது உறவு அல்ல.

இலக்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பழைய லினக்ஸ் கணினிகளில் இந்த இலக்கம் 32,768ஐ எட்டினால் சுழன்று மீண்டும் கீழிருந்து தொடங்கும். கணினியை அணைத்துப் போட்டாலும் அப்படித்தான். இன்றைய 415உம் போன மாத 415உம் ஒன்றல்ல. ஒரு இரவை மட்டும் வெட்டி எடுத்து, அதற்குள் இலக்கம் இலக்கமாகப் பிரித்து வாசிக்க வேண்டும்.

சரி, விளையாட்டு அறை எங்கே? மேலே போய்ப் பாருங்கள். ஒரு வரியும் இல்லை. பிழைகூட இல்லை. அந்தக் கணினியின் வயரை யாரோ கழற்றிவிட்டார்கள், அது பேசவே இல்லை, பேசாதவனைப் பற்றி கணக்கப்பிள்ளை எழுதவும் மாட்டார். இதுதான் லொக்குக்கும் நமது வரவுப் பதிவேட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். பதிவேட்டில் பெயர்கள் முதலே எழுதியிருக்கும். பிள்ளை வராவிட்டால் அந்தப் பெயருக்கு நேரே அடையாளம் விழும். லொக்கில் பெயர்ப் பட்டியல் இல்லை. வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். அமாண்டாவைச் செய்தவர்கள் இதை விளங்கியிருந்தார்கள். பெக்கப் ஆக வேண்டிய எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரு தனிப் பைலில் முதலே எழுதச் சொன்னார்கள். இரவு முடிந்ததும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு யார் தோற்றது என்று தலைப்பிலேயே போட்டு மின்னஞ்சல் அனுப்பும். தோற்கவும் இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்றால் அதற்கு 'ஸ்ட்ரேஞ்ச்' என்று தனி வகை வேறு. எனக்கு மிகப் பிடித்த வகை அது. விடைத்தாள் திருத்தும்போது நமக்கும் அப்படி ஒரு கூடு இருந்தால் எவ்வளவு நல்லது!

இனி நேரத்துக்கு வருவோம். இங்கேதான் நமது நாட்டின் சரித்திரம் உள்ளே வருகிறது.

பழைய சிஸ்லொக் வரியில் நேரம் எப்படி இருக்கும் தெரியுமா? மாதம், திகதி, மணி, நிமிடம், செக்கன். வருடம் இல்லை. எந்த நாட்டு நேரம் என்பதும் இல்லை. இந்த வழமையை 2001 ஓகஸ்டில் ஆவணமாக எழுதி வைத்தார்கள். 2009 மார்ச்சில் வந்த புதிய தரம்தான் வருடத்தையும், உலக நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் சேர்த்தது. கலிபோர்னியாவில் ஒரு கட்டடத்துக்குள் இருந்து எழுதியவர்களுக்கு நேரம் என்றால் சுவரில் மாட்டிய மணிக்கூடுதானே.

நமக்கு அப்படியில்லை. 1906இல் இலங்கை உலக நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் 1942இல் முதலில் அரை மணி, பிறகு இன்னும் அரை மணி என்று முள்ளைத் தள்ளினார்கள். 1945 ஒக்டோபரில் பழையபடி வந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அசையவில்லை. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் காய்ந்தபோது, வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மே 25 நள்ளிரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் வைத்தார்கள். நம்மில் முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், பாடசாலைக்கு இருட்டில் எழும்பிப் போனோம். சூரியனைப் பார்த்து வரும் லுஹருக்கு நேரம் மாறவில்லை, மணிக்கூட்டில்தான் பன்னிரண்டு மணிப் பக்கம் இருந்தது ஒரு மணிப் பக்கம் போனது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தார்கள். மிச்ச அரை மணி பத்து வருடம் அப்படியே கிடந்து, 2006 ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டோடு, பழைய ஐந்தரைக்கே திரும்பினோம்.

இதை லொக் வாசிக்கிறவரின் கண்ணால் பாருங்கள். 1996 மே 25 அன்று நள்ளிரவு 12க்குப் பிறகு நேரே 1 மணி. இடைப்பட்ட ஒரு மணித்தியாலம் இலங்கையில் நடக்கவே இல்லை. ஒக்டோபர் 26 அன்று 12.30 ஆனதும் மீண்டும் 12.00. 2006 ஏப்ரல் 15 அன்றும் அப்படியே, 12.30 ஆனதும் மீண்டும் 12.00. அந்த இரண்டு இரவுகளிலும் 12.00 தொடக்கம் 12.30 வரையான அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. பெக்கப் ஓட்டுகிறவர்கள் எந்த நேரத்துக்கு வைப்பார்கள்? ஆட்கள் இல்லாத நள்ளிரவுக்குத்தான்! மேலே உள்ள நமது ஆறு வரியும் அந்த இரவில் எழுதப்பட்டிருந்தால், 00:05:52 என்பது முதல் 12.05ஆ இரண்டாவது 12.05ஆ? ஒரு கணினி மணிக்கூட்டை மாற்றி மற்றது மாற்றாமல் இருந்தால், தொடங்குவதற்கு முன்பே முடிந்த பெக்கப்பைக்கூட லொக்கில் காணலாம். அதை வைத்து யாரையும் பிடித்து விசாரித்தால் அநியாயம் அல்லவா?

இன்னொன்று. 1996க்கும் 2006க்கும் இடையில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு மணிக்கூடு. அந்தப் பத்து வருடத்துக்குள்தான் 2004 டிசம்பர் 26 வந்தது. சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது உலக நேரம் 00:58:53. கல்முனையில், சாய்ந்தமருதில் அப்போது காலை 6.58. இந்தியாவில் 6.28. வன்னியில் புலிகளின் காரியாலயச் சுவரிலும் 6.28. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் கடல் நமது கரைக்கு வந்தது. அந்த நாளைப் பற்றிய நேரங்களை இன்று வாசிக்கிறவர் நாகப்பட்டினத்துப் பதிவையும் முல்லைத்தீவுப் பதிவையும் நமது ஊர்ப் பதிவையும் பக்கத்தில் வைத்தால் அரை மணி வித்தியாசம் வரும். எவரும் பொய் சொல்லவில்லை. எந்த மணிக்கூடு என்று எழுதவில்லை, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் அந்த அலையைப் பற்றி எழுதும்போது உலக நேரத்திலேயே எழுதுவது இதனால்தான்.

கடற்கரை வீடுகளில் அந்த நாள் ஆட்களோடு சேர்த்துப் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் கல்யாணப் பதிவையும் கொண்டுபோனது. பிரதி என்பது இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும் என்று நமது ஊருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

மணிக்கூடுகள் ஒத்துப்போகாத பிரச்சினைக்கு உலகம் இரண்டு வழி கண்டது. ஒன்று, மணிக்கூடுகளை ஒத்துப்போக வைப்பது. டெலவெயார் பல்கலைக்கழகத்தோடு பெயர் சேர்ந்திருக்கும் டேவிட் மில்ஸ் 1985இல் எழுதி வெளியிட்ட 'என்டிபி' அதற்குத்தான். உங்கள் போனும் ஏறக்குறைய இதே வழியில்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. மற்றது இன்னும் ஆழமானது. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய ஒரு கட்டுரையில், பல கணினிகள் இருக்கும் இடத்தில் மணிக்கூட்டை நம்பாமலே எது முந்தி எது பிந்தி என்று எப்படிச் சொல்வது என்று காட்டினார். ஒரே கணினிக்குள் நடந்தவற்றுக்கு வரிசை உண்டு. ஒரு கணினி அனுப்பிய செய்தி மற்றதற்குக் கிடைத்தால், அனுப்பியது முந்தி, கிடைத்தது பிந்தி. இந்த இரண்டாலும் கட்ட முடியாத சம்பவங்களுக்கு முன் பின் என்பதே கிடையாது. இருப்பதாகக் காட்டினாலும் அது மணிக்கூட்டின் தற்செயல். அலுவலகமும் நூலகமும் மூன்று செக்கன் வித்தியாசத்தில் தொடங்கியதைப் பார்த்து "அலுவலகம் தொடங்கியதால்தான் நூலகம் பழுதானது" என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

நமது நாடு மணிக்கூட்டை மாற்றிய கதை முழுவதும் கணினி உலகில் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கிய உலக நேரத் தரவுத்தளத்தில் 'ஏசியா கொழும்பு' என்று ஒரு பதிவு உண்டு. 1906, 1942, 1945, 1996, 2006 எல்லாம் வரிசையாக இருக்கும். 2011 தொடக்கம் அதை இணையத்தின் பெயர்களையும் இலக்கங்களையும் பராமரிக்கும் அமைப்பு பொறுப்பெடுத்து நடத்துகிறது. உங்கள் கையிலுள்ள அன்ட்ரோயிட் போனுக்குள்ளும் அந்தப் பதிவு இருக்கிறது. நமது பாடப்புத்தகத்தில் இந்தக் கதைக்கு ஒரு பந்தி ஒதுக்கினால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை.

தம்பியின் கேள்விக்கு இனி நேரான பதில். முதலில் ஆறு கணினியின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள், லொக்கைத் திறக்க முன்பே. சேர்வர் எல்லாவற்றுக்கும் உலக நேரம் அல்லது ஐந்தரை என்ற அடையாளத்தோடு எழுதுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அமைப்பில் மாற்றலாம். ஒரு இரவை எடுங்கள். இலக்கம் இலக்கமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு நிறைவு தேடுங்கள். நேரத்தைக் கணினியின் மணிக்கூட்டில் பார்க்காமல் சேர்வரின் மணிக்கூட்டில் பாருங்கள், எழுதிய கை அங்கே ஒன்றுதான். ஆறும் ஒரே நிமிடத்தில் தொடங்கினால் வலையமைப்பு திணறும், லொக்கும் சிக்கும். பத்து பதினைந்து நிமிட இடைவெளி விட்டு வைத்தால் வாசிப்பதும் இலகு.

எல்லாம் 'நிறைவு' என்று வந்தாலும் மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு பைலை பெக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லெப் என்ற பெரிய நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பெக்கப்பைத் தேடினால், தரவுத்தளத்தின் பதிப்பும் பெக்கப் கருவியின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அந்த பெக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் போயிருக்கிறது. ஆனால் பெறும் பக்கத்துச் சேர்வர் அதை நம்பகமில்லாத கடிதம் என்று தள்ளிவிட்டது. கடைசியில் ஆறு மணித்தியாலம் முந்தி தற்செயலாக ஒருவர் எடுத்துவைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டது.

உங்கள் காரியாலயத்தின் லொக் விளங்காவிட்டால், ஆட்களின் பெயரையும் கடவுச்சொல்லையும் மறைத்துவிட்டு ஒரு இரவின் வரிகளை மட்டும் படம் பிடித்து அனுப்புங்கள். பகிரங்கமாகக் கீழே போட வேண்டாம், இன்பொக்ஸில் அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்துச் சொல்கிறேன்.